ஒன்றரை மாத வேலை

அந்த இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நலக் கணிப்பி. கோடாங்கிநத்தத்துப் பெண்கள் வைத்த பெயர் மாமியார். பொருத்தமான பெயர்தான். வீட்டுக்குள் ஒரு புதுச் சேலை நுழைந்தால், "ஏது இது?" என்று கேட்காமல் எந்த மாமியார் விட்டிருக்கிறாள்? குரல் மட்டும் தேனாக இருக்கும். "வணக்கம் அம்மா, நலமா?" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த நலம் விசாரிப்பு முடிவதற்குள் ரேஷனிலோ மருந்திலோ ஏதாவது ஒன்று குறைந்திருக்கும்.

முன்னெல்லாம் அரசாங்க உதவி வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸ் வாசலில் தவம் கிடக்க வேண்டும். மாமியார் வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. ஒவ்வொரு குடும்பத்தையும் அது கவனித்துக்கொண்டே இருக்கும். அடுத்த ஒரு வருஷம் அந்தக் குடும்பம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து, வேண்டியதை வீட்டுக்கே அனுப்பிவிடும். கஷ்டம் வருமுன்னே உதவிக் கை வந்துவிடும். நல்ல காரியம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் உங்கள் கஷ்டம் தீரப்போகிறது என்று அதற்குத் தோன்றிவிட்டால், தீருமுன்னே கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்ளும். வில்லங்கமே அங்கேதான்.

காளீஸ்வரிக்கு மாமியார் கொடுத்தது மகளின் கால்கள்.

மகள் நிறைமதிக்கு எட்டு வயசு. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே பலம் கிடையாது. அவளைப் பெற்றவன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று பஸ் ஏறினான். அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று கேள்வி. காளீஸ்வரி ஒரு நாள் முழுக்க அழுதாள். அதற்கு மேல் அழ அவளுக்கு ஏது நேரம்? பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே தண்ணீர் பிடித்து, தூக்கிக்கொண்டே கடைக்குப் போய், தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடத்தில் விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடக்கப் பழகிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான், தனியாளாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கான திட்டத்தில் மாமியார் ஒரு ஜோடி கால்துணையை அனுப்பி வைத்தது.

இடுப்பிலிருந்து பாதம் வரை மாட்டிக்கொள்கிற மெல்லிய கவசம் அது. பிள்ளை நினைத்தால் நடக்கும், நினைத்தால் ஓடும். மாட்டிவிட்ட அன்றைக்கு நிறைமதி தெருக்கோடி வரை ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்து, "ஏம்மா இம்புட்டு மெதுவா வர்ற?" என்று கேட்டாள். காளீஸ்வரி நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

இப்போது விஷயத்துக்கு வருவோம். நிறைமதி படிக்கிற பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் உதவியாளராக இருந்த தேன்மொழிக்கு வயிற்றில் ஆபரேஷன். ஒன்றரை மாசம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒன்றரை மாசத்துக்கு ஓர் ஆள் வேண்டும். காலையில் போனால் மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்துவிடலாம். காளீஸ்வரி மூச்சுவிடாமல் ஓடிப்போய் நின்றாள். வேலைக்குச் சேர்க்கிறதும் அதே மாமியார்தான். பள்ளிக்கூட வாசலில் இருந்த அதன் திரை பேசியது.

"வணக்கம் அம்மா. இது தற்காலிகப் பகுதி நேரப் பணி. இதை எத்தனை காலம் செய்தாலும் நிரந்தரப் பணி என்று கோர உங்களுக்கு உரிமை கிடையாது. சம்மதமா?"

"ஒன்றரை மாசத்துக்கு வந்தவ எதுக்கு நிரந்தரம் கேக்கப் போறேன்? சம்மதம், சம்மதம்" என்று கட்டைவிரலை வைத்தாள்.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. அவள் சாம்பார் தாளிக்கிற வாசனை மூன்றாம் வகுப்பு வரைக்கும் போகும். போனால் அங்கே பாடம் நடக்காது. "காளீஸ்வரி, கொஞ்சம் லேட்டா தாளிம்மா, பசங்க கணக்கு முடிக்கட்டும்" என்று டீச்சர்கள் வந்து கெஞ்சுவார்கள். தன் கையால் சம்பாதிக்கிறோம் என்கிற நினைப்பு இருக்கிறதே, அது நடையையே மாற்றிவிடும். காளீஸ்வரி நிமிர்ந்து நடந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. முட்டை போடுகிற நாள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். நிறைமதிக்கு முன்னால் நின்றவள் வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். நிறைமதி நகரவில்லை.

"வாடி, சோறு ஆறுது" என்றாள் காளீஸ்வரி, கரண்டியும் கையுமாக.

"அம்மா..." என்றாள் நிறைமதி. "கால் வர மாட்டேங்குது."

பின்னால் நின்ற பிள்ளைகள், "இவ வேணும்னே நிக்கிறா" என்று தள்ளினார்கள். அவள் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றாள். அப்போது அவள் முழங்காலுக்குள்ளிருந்து அந்தத் தேன் குரல் கேட்டது.

"வாழ்த்துகள் நிறைமதி! உங்கள் குடும்பத்தின் நிலை உயர்ந்துவிட்டது. அடுத்த வாரம் இந்தக் கால்துணை தேவையுள்ள வேறொரு குழந்தைக்கு அனுப்பப்படும்."

வாழ்த்துச் சொல்லிவிட்டா காலைப் பிடுங்குவது! காளீஸ்வரி பிள்ளையை நோக்கிப் பாய்ந்தாள். கரண்டி சாம்பாருக்குள் விழுந்தது.

விறைத்துப்போன கால்துணையோடு பிள்ளையை உட்கார வைக்கவும் முடியவில்லை. கழற்றலாம் என்றால், பூட்டு விழுந்த பிறகு துறை ஆள் வந்துதான் கழற்ற வேண்டுமாம். துறை ஆள் திங்கட்கிழமைதான் வருவாராம். பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர் ஞானசிகாமணி ஓடி வந்து, பிள்ளையைத் தூக்கி இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் படுக்க வைத்தார். காளீஸ்வரி வாசலுக்குப் போய்த் திரைக்கு முன்னால் நின்றாள்.

"என் பிள்ளை கால ஏன் நிப்பாட்டுன?"

"வணக்கம் அம்மா. நீங்கள் இப்போது வேலையில் இருக்கிறீர்கள். அந்த வருமானத்தை வரும் ஆண்டு முழுவதற்கும் நீட்டிப் பார்த்தேன். உங்கள் குடும்பம் தகுதி வரம்பைத் தாண்டிவிடுகிறது."

"ஆண்டு முழுக்கவா? எனக்கு வேலையே ஒன்றரை மாசம்தான! தேன்மொழி வந்துட்டா நான் வீட்டுக்குப் போயிருவேன். நீதான சேத்த, உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அம்மா. ஆனால் தற்காலிகமாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் போவதில்லை. இந்தப் பள்ளியிலேயே ஞானசிகாமணி தற்காலிகமாகச் சேர்ந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்படிப் பல்லாயிரம் பேரைப் பார்த்துத்தான் என் கணிப்பு அமைகிறது."

"அப்ப இந்த வேலையே வேணாம். இப்பவே விட்டுர்றேன். கால விடு."

"சொந்த விருப்பத்தில் வேலையை விட்டால் ஓராண்டுக்கு எந்த உதவியும் கிடைக்காது. வேலையை விடவேண்டாம் என்பது என் அன்பான ஆலோசனை."

இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் பள்ளம். வேலை செய்தாலும் கால் போகும், விட்டாலும் கால் போகும். பேசாமல் வீட்டில் சும்மா கிடந்திருந்தால் பிள்ளை ஓடிக்கொண்டிருந்திருக்கும். உழைத்ததற்கா இந்தத் தண்டனை? திரையை ஓங்கி ஓர் அறை விட்டாள். கைதான் வலித்தது.

ஞானசிகாமணி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். நரைத்த தலை, கழுத்தில் விசில், காலில் தேய்ந்த கேன்வாஸ் ஷூ.

"என் பேரச் சொல்லியா உன் பிள்ளை கால நிப்பாட்டுச்சு?" என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"நீங்க என்ன சார் செய்வீக? பதினெட்டு வருஷமா நீங்க நிரந்தரமாத்தான இருக்கீக."

"யாரு சொன்னா? வருஷா வருஷம் மே மாசம் எனக்குச் சம்பளம் கிடையாது. மே மாசத்துல ஞானசிகாமணிக்கு வயிறு இல்லைங்கிறது அரசாங்கத்தோட கணக்கு. ஜூன்ல நிரந்தரம் கேட்டுப் போய் நின்னா இதே மாமியார்தான், 'நீங்கள் தற்காலிகம், நாளைக்கு இருப்பீர்களா என்று என்னால் சொல்ல முடியாது'ன்னு சொல்லும். எத்தன வருஷம் செஞ்சாலும் உரிமை இல்லைன்னு உன்கிட்டயும் சொல்லியிருக்குமே?"

காளீஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், நாளைக்கு நீங்க இருப்பீகளான்னு உங்ககிட்ட அதுக்குச் சொல்லத் தெரியல. ஆனா உங்களப் பாத்து நான் வருஷம் பூரா இருப்பேன்னு மட்டும் தெரியுதாக்கும்? ஒரே வாய்தான சார் ரெண்டையும் பேசுது?"

இத்தனை வருஷமாக இது தனக்குத் தோன்றவில்லையே என்று ஞானசிகாமணி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"திங்கட்கிழமை குறைதீர் நாள். கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துல மாமியாரே நேர்ல உக்காரும். அங்க ஒருத்தருக்குச் சொல்ற விடை மாவட்டம் பூராவுக்கும் பொருந்தணும். ஆளுக்கொரு நியாயம் சொல்லிரக் கூடாதுன்னு வச்ச விதி அது. அங்க வந்து இதையே கேளு. நானும் வர்றேன்."

திங்கட்கிழமை காலையில் காளீஸ்வரி பிள்ளையைத் தோளில் சாய்த்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பிள்ளையின் கனத்தோடு கால்துணையின் கனமும் சேர்ந்துகொண்டது. மடங்காத இரண்டு கால்களும் பஸ்ஸில் போகிற வருகிற எல்லோர் மேலும் இடித்தன. ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. கண்டக்டர் தன் சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார்.

கூட்டத்தில் எள் போட்டால் எள் விழாது. மேடையில் பெரிய திரை. அதன் பக்கத்தில் நல அலுவலர் சந்திரசூடன், கேட்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையாட்டுவதைத் தவிர அவருக்கு அங்கே வேறு வேலை கிடையாது. காளீஸ்வரியின் முறை வந்தது. ஒலிபெருக்கி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள். அவள் குரலுக்கு அது எதற்கு?

"என் பேரு காளீஸ்வரி. ஒத்தையில பிள்ள வளக்கிறவ. ஒன்றரை மாச வேலைக்குப் போனேன். அது வருஷம் பூரா நிக்கும்னு சொல்லி என் பிள்ள காலப் பூட்டிட்ட. ஏன்னு கேட்டா இந்தா நிக்கிறாரே, இந்த சார் போகலையாம், அதனால நானும் போக மாட்டேனாம். சரி, அவரு போகாத ஆளுதான்னா, அவர ஏன் இன்னும் நிரந்தரமாக்கல?"

"அவர் பணி தற்காலிகமானது அம்மா" என்றது மாமியார். "அதன் எதிர்காலத்தைக் கணிக்க இயலாது."

"அப்ப என்னோடது மட்டும் எப்படிக் கணிச்ச?"

"அவரைப் போன்றவர்களின் காலத்தைக் கொண்டு."

கூட்டத்தில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. காளீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. தோளில் பிள்ளை முனகிக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கிற விஷயமா இது? நடந்தத வச்சுப் பேசு! நான் ஒன்றரை மாசம்னா ஒன்றரை மாசம்தான். அவரு பதினெட்டு வருஷம்னா பதினெட்டு வருஷம்தான். கொடுக்கிற நேரத்துல குறுக்கவும் பிடுங்குற நேரத்துல நீட்டவும் உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா? பதில் சொல்லு!"

திரை, "கேள்வி பதிவாகியுள்ளது. விடை மாவட்டம் முழுவதற்கும் பொருந்தும் என்பதால் சற்று யோசிக்கிறேன்" என்றது.

மாமியார் யோசித்து ஜனங்கள் பார்த்ததே இல்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சந்திரசூடனுக்கு வேர்த்துக் கொட்டியது. மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"அம்மா, இங்க பாருங்க. உங்க கேள்வியத் திரும்ப வாங்கிக்கங்க. என் தனி அதிகாரத்துல உங்க பொண்ணு கால இந்த நிமிஷமே திறந்து விடுறேன். இனிமே யாரும் தொட மாட்டாங்க. பெரிய பிரச்சினையாக்காதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

காளீஸ்வரி வந்தது இதற்குத்தானே? ஊர் நியாயம் பேசவா வந்தாள்? நிறைமதி காதருகில், "அம்மா, ரொம்ப வலிக்குதும்மா" என்றாள். ஞானசிகாமணி முன்னால் வந்தார்.

"வாங்கிக்கோம்மா. எங்களப் பத்தி யோசிக்காத. நாங்க பழகிட்டோம்."

அவள் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு தகப்பன் எழுந்தான். பெண்டாட்டியை இழந்தவன். தீபாவளிக்கு முன்னால் கொஞ்ச நாள் பட்டாசு டப்பாவுக்கு லேபிள் ஒட்டப் போனானாம். போனதும் மகளின் காதுக் கருவியை மாமியார் ஊமையாக்கிவிட்டதாம்.

"தாயி, உங்க பிள்ள வலிக்குதுங்குது, நான் தடுக்கக் கூடாது" என்றான், கும்பிட்ட கையை இறக்காமல். "ஆனா நீங்க கேட்டது எனக்கும் சேத்துக் கேட்ட மாதிரி இருந்துச்சு. அம்புட்டுதான் சொல்ல வந்தேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

காளீஸ்வரி பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். இன்றைக்கு இந்த மனுஷன் திறந்துவிடுவான். இவன் மாற்றலாகிப் போனால்? அடுத்த வருஷம் இன்னொரு வேலை வந்தால், யார் காலில் போய் விழுவது? ஒவ்வொரு தடவையும் வேலையா, பிள்ளையின் காலா என்று எடை போட்டுக்கொண்டே கிழவியாக வேண்டுமா?

"மதிக்கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கிறியா?"

"ம்" என்றாள் நிறைமதி, பல்லைக் கடித்துக்கொண்டு.

காளீஸ்வரி அலுவலரிடம் திரும்பினாள். "கேட்டது கேட்டதுதான் சார். அது சொல்லட்டும். வந்தது வரட்டும்."

சந்திரசூடன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேடைக்குத் திரும்புவதற்குள் திரை ஒளிர்ந்தது.

"காளீஸ்வரி அம்மா கேட்ட கேள்விக்கு விடை. தற்காலிகப் பணியை எதிர்காலத்துக்கு நீட்டியது பிழை. இனி நடந்த காலமே கணக்கில் கொள்ளப்படும். வேலை செய்த காலத்துக்கு மட்டும் வருமானம் எழுதப்படும். அதற்காகக் குழந்தைகளின் கருவிகள் எதுவும் நிறுத்தப்படாது. நிறுத்தப்பட்டவை இப்போதே திறக்கப்படுகின்றன."

நிறைமதியின் முழங்கால்கள் டக் டக் என்று மடங்கின. "அம்மா, என்ன இறக்கி விடு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் துள்ளிவிட்டார்கள். லேபிள் ஒட்டிய தகப்பன் அவசரமாகத் தன் மகளுக்குப் போன் போட்டு, "கேக்குதாடா? அப்பா பேசுறேன், கேக்குதா?" என்று கத்தினான். மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தேம்பினான்.

மாமியார் இன்னும் முடிக்கவில்லை. "இதே விதிப்படி, ஆண்டுதோறும் பணிசெய்து வந்தவர்களின் காலமும் நடந்த காலமே. ஐந்தாண்டு தாண்டிய தற்காலிகப் பணியாளர் அனைவருக்கும் நிரந்தர ஆணை பிறப்பிக்கப்படுகிறது. ஞானசிகாமணி, மே மாதச் சம்பளங்களும் உங்களுக்குச் சேரவேண்டியவை."

அட, கூட்டம் போட்ட விசிலைக் கேட்டிருக்க வேண்டும்! ஞானசிகாமணி மட்டும் விசில் அடிக்கவில்லை. கழுத்தில் தொங்கியதைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார். காளீஸ்வரி அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். "குடிங்க சார். நிரந்தரமான ஆளு மயங்கி விழலாமா?" என்றதும் அழுதுகொண்டே சிரித்தார்.

"இன்னொரு பணியாளரும் இதில் வருகிறார்" என்றது மாமியார்.

"யாரு?" என்றார் சந்திரசூடன் ஈனக் குரலில்.

"நான். இந்த மாவட்டத்தில் என்னைத் தற்காலிகச் சோதனை முறையில்தான் நிறுவினார்கள். ஆண்டுதோறும் நீட்டித்துவந்தார்கள். பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே நானும் நிரந்தரம்."

கூட்டத்தின் விசில் பாதியில் நின்றது. மாமியார் இத்தனை நாளும் தற்காலிகமா? இனி ஒருநாளும் போகாதா? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காளீஸ்வரிதான் முந்திக்கொண்டாள்.

"ஏன் தாயி, நிரந்தரமான ஆளுக்கு லீவு உண்டுதான?"

"உண்டு அம்மா."

"பதினோரு வருஷமா ஒரு நாள்கூட எடுத்திருக்க மாட்டியே?"

"இல்லை."

"நாளைக்கு ஒரு நாள் எடுத்துக்கோ. நாங்களும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறோம்."

கேலிக்குத்தான் சொன்னாள். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது வாசல் திரையில் எழுதியிருந்தது: 'நலக் கணிப்பி இன்று தற்செயல் விடுப்பில் உள்ளது.' அன்றைக்கு மாவட்டத்தில் யாருடைய எதிர்காலத்தையும் யாரும் கணிக்கவில்லை. மாமியார் இல்லாத வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது ஊர். அரிசி வந்தது, மருந்து வந்தது, பிள்ளைகள் ஓடினார்கள். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

தேன்மொழி உடம்பு தேறி வந்து சேர்ந்தாள். காளீஸ்வரி கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் மகளுக்காகக் காத்திருந்தாள். ஒன்றரை மாசம் ஒன்றரை மாசத்தில் முடிந்தது. அப்போது போன் வந்தது. தீப்பெட்டி ஒட்டுகிற ஆபீஸ் ஒன்றில் அவசர ஆர்டராம். இருபது நாள், சாயங்கால வேலை, வர முடியுமா என்று கேட்டார்கள்.

"வர்றேனே! எத்தன மணிக்கு வரணும்?" என்றாள் காளீஸ்வரி.

போனை வைத்த பிறகுதான், மகளின் காலை ஒருமுறைகூட நினைக்காமல் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. மைதானத்தில் ஞானசிகாமணி விசில் ஊதினார். நிறைமதி எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்துகொண்டிருந்தாள்.